வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணி

மைசூரில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் சாப்பிட்டுவந்த ஓட்டலில், பரிமாறுகிறவர் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார். "ஒப்பரேனா?" கன்னடத்தில், ஒருவர்தானா என்று அர்த்தம். இலை போடுவதற்காகக் கேட்கிற கேள்வி, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. "ஒப்பரே" என்பேன். சில சமயம் எனக்குப் பின்னால் யாராவது நுழைந்தால் அவர் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்து இரண்டு இலையை எடுத்துவிடுவார். பிறகு ஒன்றைத் திருப்பி வைப்பார். அந்த இலை திரும்பிப் போவதை நான் பார்க்காதது மாதிரி இருக்கப் பழகிக்கொண்டேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் ஊர் கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர் பக்கம். அப்போது அது மைசூர் ராஜ்யத்தில் சேர்ந்ததல்ல, சென்னை மாகாணம். வீட்டில் எல்லோரும் மண்ணில் வேலை செய்தவர்கள். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான், இரண்டாவது ஆள் கிடையாது. அப்பா எதற்கும் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான் வைப்பார். என்னைவிட நாலு வயது மூத்த அண்ணன், கொள்ளேகாலுக்கும் மைசூருக்கும் ஓடிய கரி பஸ்ஸில் கிளீனராக இருந்தான். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம் அது. பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு உலை இருக்கும். அதில் கரியைப் போட்டு, விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் புகை கிளப்பினால்தான் வண்டி நகரும். சுற்றுவது அண்ணன் வேலை. மேட்டில் வண்டி நின்றுவிட்டால் இறங்கி மறுபடி சுற்றுவான். அவன் வலது கை மணிக்கட்டு என்னுடையதைப் போல இரண்டு பங்கு இருக்கும். பஸ் ஓட்டவும் கற்றுக்கொண்டான். அப்புறம் பட்டாளத்தில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்விட்டான்.

அவன் சேர்ந்தபோது மனுவை நிரப்பியவன் நான்தான். பிறந்த நாள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அம்மாவைக் கேட்டேன். அம்மாவுக்குத் தேதி தெரியாது. வருஷமும் மாசமும், பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் என்பதும், கிழமையும் தெரியும்.

"செவ்வாக்கெழம ராத்திரி. கோழி கூப்பிடறதுக்கு முந்தி" என்றாள்.

"மணி பன்னெண்டு ஆயிருந்ததா?"

"ஆயிருக்கும். மூணு, மூணரை இருக்கும்."

"அப்படீன்னா புதன்கெழம. பன்னெண்டு மணிக்கு மேல அடுத்த நாள் பொறந்துரும்மா."

"பொழுதே விடியாம எப்படிடா அடுத்த நாளு வரும்? என் வவுத்துல பொறந்ததுக்கு நீ கெழம சொல்றயா?"

நான் விடவில்லை. இங்கிலீஷ் கணக்கில் நாள் நடுநிசியில் மாறுகிறது என்று அம்மாவுக்கு விளக்கினேன். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அண்ணன்தான் சிரித்துக்கொண்டு முடித்துவைத்தான். "உடுங்கம்மா. சர்க்காருக்கு நான் புதன்கெழம பொறந்துக்கறேன். ஊட்டுக்குச் செவ்வா."

பழைய பஞ்சாங்கத்தைத் தேடி, புதன்கிழமைக்கு உரிய தேதியையே எழுதினேன்.

கீழே கையெழுத்துப் போட வேண்டும். பெருவிரல் வைக்க மாட்டேன் என்றான். ஒரு வாரம் முன்பே அவன் பெயரின் ஐந்து எழுத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் தரையில் கரித்துண்டால் எழுதிப் பார்த்தானாம். மனுவில் அவன் எழுதியபோது பேனா முள் வளைந்துபோயிற்று. அத்தனை அழுத்தம். ஐந்து எழுத்தும் வலது பக்கம் சாய்ந்திருந்தன, பின்னாலிருந்து காற்று தள்ளுவது போல. தாளைத் திருப்பினால் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும்.

அவனுக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். கடிதங்களை யாராவது தமிழ் தெரிந்த ஆளிடம் சொல்லி எழுத வைப்பான். கடைசியில் பெயரை மட்டும் தானே போடுவான். ஒவ்வொரு கடிதமும் வேறு வேறு கையில், வேறு வேறு ஊரிலிருந்து வரும். ஊரின் பெயர் யுத்தம் முடியும்வரை அநேகமாக இருக்காது, சென்சாரில் அடித்திருப்பார்கள். யுத்தம் முடிந்தபின் பஸ்ரா என்று வந்தது, பிறகு கராச்சி என்று வந்தது.

ஊர்ப் பெயர் தெரிந்தால் நான் ஒரு காரியம் செய்வேன். அட்லாஸை விரித்து, அந்த ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் எடுத்து, என் அறையிலிருந்து அது பறவை பறக்கும் தூரத்தில் எத்தனை மைல் என்று கணக்குப் போடுவேன். விமானம் போனால் எத்தனை மணி நேரம் என்றும் போடுவேன். ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழு குடித்தனம் இருந்த இடத்தில் என்னுடையது ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லா வீட்டிலிருந்தும் பேச்சு கேட்கும், எல்லாம் கன்னடத்தில். எனக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும், வகுப்பில் பேசுவதே அதில்தான். ஆனாலும் யாரும் என்னை நோக்கிப் பேசாத பேச்சு அது. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கோசைன் மதிப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். விடை வந்ததும் அட்லாஸின் பின் அட்டையில் எழுதிவைப்பேன். யாருக்கும் அதைக் காட்டியதில்லை.

அண்ணனுக்கு நான் எழுதும் கடிதங்கள், இப்போது நினைத்தால், மனுக்கள் மாதிரி இருக்கும். "அன்புள்ள தமையனாருக்கு, இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தை அறிய ஆவலுற்றிருக்கிறேன்." படித்தவன் எழுதுகிற கடிதம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு யாரோ சொன்னதாக நினைவு, அல்லது நானே நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒருமுறை அவன் பதிலில் இப்படி எழுத வைத்திருந்தான்: "உன் கடுதாசியப் படிச்சுக் காட்டறவரு பாதியில நிறுத்தி, உந்தம்பி வக்கீலான்னு கேக்கறாரு. வாத்தியார்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான்னாரு."

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. கராச்சியிலிருந்து வந்த கடிதங்களில் ஒன்றில், நடுவில் ஒரு வரி இருந்தது. லாரி ஜாக்கி நழுவிவிட்டது, வலது கையில் கொஞ்சம் அடி, சரியாகிவிடும். அந்தக் கடிதத்தின் கீழே அவன் பெயர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

லீவில் ஊருக்குப் போனபோது மூன்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கை விஷயத்தை விட்டுவிட்டுத்தான் படித்தேன். அம்மா எப்போதும்போல் தாளை வாங்கி அடிப்பாகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்த ஐந்து எழுத்தின் உருவம் தெரியும்.

"எம்பையன் போட்ட கோலம் எங்கடா?"

"அவசரத்துல மறந்திருப்பான்."

"மூணுலயுமா?"

அம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்குக் கையி இருக்குதா இல்லியா?" என்றாள். அடிபட்டதைச் சொன்னேன். "கொஞ்சம் அடின்னு எழுதறவன் நெறையா அடியின்னுமா எழுதுவான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த மாதம் அந்தக் கடிதம் வந்தது. இன்றும் என்னிடம் இருக்கிறது.

"தம்பி, நாங்க இருவது பேரு சிங்கப்பூரு போறோம். ஏரோப்ளேன்ல. வெள்ளிக்கெழம ராத்திரி ரெண்டு மணிக்கு இங்க இருந்து கெளம்புது. எங்கீமு நிக்காம நேரா பெங்களூரு. அங்க ஒண்ணரை மணி நேரம் பெட்ரோலு போடுவாங்களாமா. அப்பறம் கொழும்பு. மணிக்கு நூத்தறுவது மைலு போகுமின்னு மெக்கானிக்கு சொன்னாரு. எத்தன மணிக்கு எறங்குவோம்னு யாருக்கும் சொல்லத் தெரியல. நீ கணக்கு வாத்தியாராச்சே, நீயே போட்டுக்க. வேலியோரமா வந்து நில்லு. பாத்து அஞ்சு வருசமாச்சு."

கீழே பெயர் இல்லை.

அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். பஸ் கண்டக்டர் மூலமாக ஒரு டப்பா எள்ளுருண்டை வந்தது. கூடவே வாய்மொழியாக ஒரு வார்த்தை. கண்டக்டர் அதை அப்படியே ஒப்பித்தார்: "கையப் பாரு. மொகத்த அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல கையப் பாரு."

அந்த வாரம் முழுக்கக் கணக்குப் போட்டேன். என் ஆயுளில் அத்தனை கவனமாக வேறு எதையும் போட்டதில்லை. பரீட்சைக்குக்கூட இல்லை. முதலில் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படத்தில் அளவுகோலை வைத்தேன். பிறகு அது தட்டையான படம், உலகம் தட்டையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உலக உருண்டையைத் தேடிப் போனேன். அது பூகோள வாத்தியாரின் பீரோவில் பூட்டியிருக்கும்.

பூகோள வாத்தியார் என் வயதுக்காரர். மேல்கோட்டைப் பக்கத்து வைஷ்ணவர். பள்ளிக்கூடத்தில் என்னோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள். அவருடைய தமிழில் பாதி கன்னடம் இருக்கும், என்னுடையது அவருக்குப் பட்டிக்காட்டுத் தமிழ். மத்தியானக் காப்பிக்கு மேல் எங்கள் சிநேகிதம் போனதில்லை. உருண்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் மைசூர் இருந்த இடம் வெள்ளையாகத் தேய்ந்து போயிருந்தது. உருண்டையைக் கண்டதும் பையன்கள் முதலில் விரல் வைப்பது தங்கள் ஊர்மேல்தான். அத்தனை வருஷத்து விரல்களும் சேர்ந்து ஊரை அழித்துவிட்டன. பெங்களூரும் பாதி போய்விட்டது.

நூலைக் கராச்சியில் அவர் பிடித்துக்கொண்டார், இந்தப் பக்கம் நான்.

"எதுக்கு மேஷ்ட்ரே இவ்வளவு பாடு? காலமே போய் நின்னா ஆச்சு. அஷ்டே, அவ்வளவுதான்."

"எத்தனை மணிக்குப் போய் நிற்கறதுன்னு தெரிய வேண்டாமா?"

"விமானத்துக்கு நீங்க காத்திருக்கலாம். விமானம் உங்களுக்குக் காத்திருக்காது. வாஸ்தவம்தான், இழுங்கோ நூலை."

நூல் ஒரு தோராயம்தான் சொல்லிற்று. அறைக்கு வந்து லாகரிதம் போட்டுச் சரிபார்த்தேன். இரண்டு ஊருக்கும் நடுவில் பதினைந்தரை பாகை வில். ஏறக்குறைய ஆயிரத்து எழுபத்தைந்து மைல். மணிக்கு நூற்றறுபது என்றால் ஆறு மணி நாற்பத்து மூன்று நிமிஷம். இரண்டு மணிக்குக் கிளம்பினால் காலை எட்டு நாற்பத்து மூன்று.

அதோடு நிறுத்தவில்லை. மெக்கானிக் சொன்ன மைல் கடல் மைலாக இருந்தால்? கடல் மைல் நீளமானது. அப்படியானால் ஏழு ஐம்பதுக்கே இறங்கிவிடும். கராச்சியில் சூரியன் நமக்கு நாற்பத்திரண்டு நிமிஷம் பின்னால் உச்சிக்கு வருகிறதே, அதைக் கழிக்க வேண்டுமா? வேண்டாம், இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான். எதிர்காற்று அடித்தால் ஒன்பதரை ஆகலாம். ஒவ்வொரு பள்ளமாகத் தாண்டித் தாண்டி வந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அண்ணனைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தோடு அதுவும் சரிசமமாக இருந்தது.

கடைசியில் கிழமைக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணி. எங்கள் வீட்டுப் பேச்சில் அது வெள்ளி கழிந்து சனி விடிவதற்கு முந்தைய இருட்டு. ஆனால் இது வீட்டு விஷயமில்லை. பட்டாளத்து உத்தரவு இங்கிலீஷில் இருக்கும். "வெள்ளிக்கிழமை, இரண்டு மணி" என்று இருக்கும். அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தவர் அதைப் பார்த்து, இரண்டு மணி என்றால் இருட்டுத்தானே என்று "ராத்திரி" சேர்த்திருப்பார். இங்கிலீஷ் வெள்ளி இரண்டு மணி, நம் கணக்குக்கு வியாழன் ராத்திரி. ஆகவே விமானம் இறங்குவது வெள்ளி காலை. சர்க்காருக்கு நான் புதன்கிழமை பிறந்துகொள்கிறேன் என்று அவனே சொன்னவன்தானே. ஐந்து வருஷமாக அவன் சர்க்கார் ஆள்.

பூகோள வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை ராத்திரின்னா வெள்ளிக்கிழமை ராத்திரிதான் மேஷ்ட்ரே. இதில என்ன தர்க்கம்? உங்கண்ணா எழுதினாரா, கவர்ன்மெண்ட் எழுதித்தா?"

"உத்தரவு இங்கிலீஷ்ல இருக்கும் சார். பஞ்சாங்கம் பார்த்து ஏரோப்ளேன் ஓட்ட மாட்டாங்க."

"ஓட்டறவன் பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம். ஏறறவர் ஹனூர்க்காரர். எதுக்கும் ரெண்டு நாள் லீவு கேளுங்கோ."

ஹெட்மாஸ்டர் இரண்டு நாள் கொடுக்கவில்லை. சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், வெள்ளி ஒரு நாள்தான் என்றார். நான் மன்றாடவில்லை. ஒரு நாள் போதும் என்று எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியுமே.

வியாழன் சாயங்கால ரயிலில் போய், பெங்களூரில் தண்டு என்கிற கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் படுத்தேன். விடிந்ததும் ஜட்கா பிடித்தேன். விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே வெகு தூரம், ராகிக் காடுகளுக்கு நடுவில். ஆறரை மணிக்கு வாசலில் நின்றேன். முள்கம்பி வேலி, ஒரு குறுக்குக் கட்டை, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. காவலுக்கு இருந்தவர் தண்டுத் தமிழர், மீசை நரைத்தவர். உள்ளே போகக் கூடாது, வேலிக்கு வெளியில் நிற்பதானால் நில்லுங்கள் என்றார். அதுவே எனக்குப் போதும்.

ஏழு ஐம்பது ஆயிற்று. வானத்தில் பருந்து இரண்டு. எட்டு நாற்பத்து மூன்று. அந்த நிமிஷம் கடிகாரத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எதிர்காற்று என்று நினைத்தேன். ஒன்பதரை. பத்து. வெயில் ஏறியது. காவல்காரர் கொட்டகை நிழலுக்குக் கூப்பிட்டார்.

"யாருக்கு சார் நிக்கிறீங்க?"

"எங்க அண்ணன். கராச்சியிலிருந்து பிளேன்ல வர்றார்."

"இன்னிக்குக் கராச்சிலேந்து ஒண்ணும் இருக்கிறா மாதிரி சொல்லலியே. எப்போ கெளம்புதாம்?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னிக்குத்தானே சார் வெள்ளி. இன்னும் ராத்திரியே வர்லியே."

அவருக்கும் விளக்கினேன். இங்கிலீஷ் நாள், நடுநிசி, உத்தரவு, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"நீங்க படிச்சவரு. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த வார்த்தையில் கேலி இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை எனக்கு உறைத்திருக்கும். பன்னிரண்டு மணிக்குச் சின்ன விமானம் ஒன்று இறங்கியது. வெள்ளைக்காரர் இருவர் இறங்கிக் காரில் ஏறிப் போனார்கள். இரண்டு மணிவரை நின்றேன். பிரயாணத்தையே ரத்து செய்திருப்பார்கள், பட்டாளத்தில் அது சகஜம் என்று முடிவு கட்டினேன். மூன்றரை மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும். மறுநாள் இன்ஸ்பெக்டர்.

போகும்போது டப்பாவைக் காவல்காரரிடம் கொடுத்தேன். எப்போதாவது அந்த விமானம் வந்தால், ஹனூர் ஆள் என்று கேட்டு இதைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். ஆளுக்கு அடையாளம் கேட்டார். என்ன சொல்வது? ஐந்து வருஷத்துக்கு முந்தைய முகம் எனக்குத் தெரியும். "மணிக்கட்டு பெரிசா இருக்கும்" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என் வகுப்புக்குத்தான் முதலில் வந்தார். காலை வகுப்பு எட்டரைக்கு. காலமும் தூரமும் பாடம். ஓர் ஊரிலிருந்து புறப்பட்ட ரயில் இன்னோர் ஊருக்கு எப்போது போய்ச் சேரும் என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தேன். பையன்கள் சரியாகச் செய்தார்கள். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். முன் பெஞ்சுப் பையன் ஒருவன் விடையைச் சொன்னபோது நான் "சரி" என்றேன். அது எட்டே முக்கால் இருக்கும்.

ஒரு மாதம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்தது.

"தம்பி, சனிக்கெழம வெடியால எட்டே முக்காலுக்குப் பெங்களூருல எறங்கினோம். நீ இருப்பீன்னு வேலியோரமாவே நடந்தேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரெண்டு தடவ. அப்பறம் கேட்டுல ஒரு மீசக்காரரு ஹனூரு ஆளு யாருன்னு கேட்டு டப்பாவக் குடுத்தாரு. தொறந்ததும் அம்மா உருட்டினதுன்னு தெரிஞ்சுபோச்சு. நேத்து வந்து நாளெல்லாம் நின்னாருன்னு சொன்னாரு. ஏந்தம்பி ஒரு நாளு முந்தி வந்த? நான் வெள்ளிக்கெழமன்னுதான சொன்னேன்? எழுதறவரு சனிக்கெழமன்னு போடட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம், எந்தம்பிக்கு வெளங்காதுன்னு சொல்லிட்டேன். ஊட்டுக்கு எழுதறப்ப ஊட்டுக் கெழமதான தம்பி சொல்லுவேன். உருண்ட எல்லாம் கொழும்பு வாரதுக்குள்ள தீந்துபோச்சு."

கீழே பெயர் இல்லை.

எட்டே முக்கால். என் கணக்கு இரண்டு நிமிஷம்தான் தப்பு. கடிதத்தை மடித்து அட்லாஸுக்குள் வைத்தேன். அண்ணன் கையை நீட்டி டப்பாவை வாங்கியிருக்கிறான். எந்தக் கை என்று பார்த்தவர் ஒரு காவல்காரர். அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

அன்று ஓட்டலில் "ஒப்பரேனா?" என்று கேட்டபோது தலையை மட்டும் அசைத்தேன். பூகோள வாத்தியாரிடம் மட்டும் சொன்னேன். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. "பரவாயில்லை, மணி சரியா வந்துதே" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். பிறகு காப்பிக்கு அவரே காசு கொடுத்தார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள தமையனாருக்கு" என்று எழுதி அடித்தேன். இந்தக் கடிதத்தை யாரோ ஓர் ஆள், பத்துப் பேர் படுத்திருக்கும் கொட்டகையில், உரக்கப் படித்துக் காட்டப்போகிறார். கையைப் பற்றி அப்படிக் கேட்க முடியுமா? நாலைந்து தாள் வீணாயிற்று. கடைசியில் எழுதியது கொஞ்சம்தான்.

"அண்ணா, நீ சொன்ன வெள்ளிக்கெழமய நான் திருத்திட்டேன். அம்மா சொன்ன செவ்வாக்கெழமயத் திருத்தின மாதிரி. எல்லாக் கணக்கும் போட்டேன், நீ பேசறது மட்டும் எனக்கு மறந்துபோச்சு. கோவிச்சுக்காத. அம்மா உன் கோலத்தக் கேக்கறாங்க. எப்படி வந்தாலும் செரி, அடுத்த கடுதாசியில அடியில உம்பேரப் போடு."

இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வந்த கடிதம் சிறியது. புதிதாக எதுவும் இல்லை. மழை, சோறு, லாரி ஓட்டவில்லை, இப்போது ஸ்டோரில் சாமான் எண்ணி வைக்கும் வேலை. "உந்தம்பி வக்கீல் வேலைய உட்டுட்டாரான்னு படிக்கறவரு கேட்டாரு" என்று ஒரு வரி. கீழே, தாளில் கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு, அவன் பெயர். ஐந்து எழுத்து. இரண்டாவது எழுத்தின் சுழி விட்டுப்போயிருந்தது. ஐந்தும் இடது பக்கம் சாய்ந்திருந்தன.

பழைய கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோணமானியை எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மா கடிதத்தைப் படிக்கச் சொல்லவில்லை, நேராகத் தாளை வாங்கி அடியில் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். திருப்பி, பின்பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவினாள்.

"அழுத்தம் அதேதான்" என்றாள்.

"ஆமாம்மா."

"கோலந்தான் திரும்பிக்கிச்சு."

அம்மா தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

"கைக்கு ஒண்ணுமில்லீன்னு சொல்லு, உங்கப்பன் கேட்டா" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோறு போட எழுந்தாள்.